பாட்டு நிற்கவில்லை என்று ஒரு புகார்

போன வாரம் ஒலிக்கருவி மாட்டுகிற நம் ஆட்களின் வாட்சப் குழுவில் உங்களில் ஒருவர் கேட்டிருந்தார்: வேலைக்குப் போன வீட்டில், வீட்டுக்காரர் சொல்லாத ஒரு பழுது கண்ணில் பட்டால் அதையும் சேர்த்துச் சரிசெய்துவிட்டு வரலாமா? ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். 'செஞ்சிட்டு வா லா, நல்ல பேர் கெடைக்கும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை. போனில் தட்ட ஆரம்பித்தால் விரல் வலிக்கும் அளவுக்கு நீளும் என்று தெரியும். அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இரண்டு வருடமாக வீட்டில் சும்மா இருப்பவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கே பினாங்கில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் ஆம்ப்ளிஃபயர் சோதிக்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். தொழிற்சாலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனார்கள், என்னைக் கொண்டுபோகவில்லை. பிறகு ஜார்ஜ் டவுனில் ஓர் ஒலிக்கருவிக் கடையில் சேர்ந்தேன். முதலில் ஸ்பீக்கர் தூக்கினேன். அப்புறம் இந்த ஸ்ட்ரீமர்கள் வந்தன. இணையத்திலிருந்து பாட்டை இழுத்து வீட்டு ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டிகள். அதை வீடு வீடாகப் போய் மாட்டுவதும், பாடாதபோது ஏன் பாடவில்லை என்று கண்டுபிடிப்பதும் என் வேலை ஆனது. ரவுட்டரை எங்கே வைப்பது, எந்தக் கேபிளை எங்கே செருகுவது என்பதெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது.

வீடியோவில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நம்மைக் கூப்பிடுகிற வீடுகளில் பாதி, ஒரே ஆள் இருக்கும் வீடு. பிள்ளைகள் கூட இருந்தால் இந்த வேலையைப் பிள்ளைகளே பார்த்துவிடும். நம்மைக் கூப்பிடுவது பிள்ளைகள் தூரமாய்ப் போய்விட்ட வீடு. கோப்பி கொடுத்து ஆறும்வரை உட்காரச் சொல்வார்கள். குடித்து முடித்த பின்னும் உட்காரச் சொல்வார்கள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தால் முகம் சுருங்கிவிடும். இதற்கு நீங்கள் இன்னும் பழகியிருக்க மாட்டீர்கள். நான் கடைசிவரை பழகவில்லை.

சுங்கை பாக்காப்பில் ஒரு வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஸ்ட்ரீமர் நின்றுவிடும். மற்ற நாளெல்லாம் நன்றாகப் பாடும். எனக்கு முன்னால் போன இரண்டு பேர் பெட்டியையே மாற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். நான் ஒரு வெள்ளிக்கிழமை போய்ச் சும்மா உட்கார்ந்தேன். ஆறரைக்கு வீட்டு அம்மா சாமி மேடையில் விளக்கேற்ற வந்தார். மேடைக்குப் பின்னால் ஒரே ஒரு பிளக். அதிலிருந்த ரவுட்டரைப் பிடுங்கினார், சாமி படத்தைச் சுற்றி ஓடும் கலர் பல்பை மாட்டினார், கண்ணை மூடிக் கைகூப்பினார். ஹாலில் பாட்டு நின்றது.

“அக்கா, ரவுட்டரப் புடுங்கிட்டீங்களே.”

“அரை மணி நேரந்தானே தம்பி. சாமிய விடவா லைனு முக்கியம்?”

ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்கி மாட்டினேன், பிரச்சினை தீர்ந்தது. கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடிவிட்டது. நேரம் தவறாமல் வரும் பழுதுக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பார் என்பதை என் கொள்கையாகவே வைத்துக்கொண்டேன். கொள்கை சரிதான். ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேனே, அங்கேதான் கோட்டை விட்டேன்.

எங்கள் தவுக்கே, கடை முதலாளி, அதிகம் பேசாத சீனர். நாங்கள் வேலைக்குக் கிளம்பும்போது மலாயில் ஒன்றே ஒன்றுதான் சொல்வார். “ஜாங்ஙான் காத்தால் தாங்ஙான்.” கை அரிப்பெடுத்துக் கண்டதையும் தொடாதே என்று அர்த்தம். வீட்டுக்காரர் காட்டின இடத்தைத் தொடு, மற்றதைக் கேட்டுவிட்டுத் தொடு. இது வேலைக்குச் சோம்பல்படுகிறவனின் பேச்சு என்று நான் உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன். ஒரு வீட்டை விட்டு நான் வெளியே வரும்போது அங்கே ஒரு பழுதும் மிச்சம் இருக்கக் கூடாது. அது என் வீம்பு.

ஜெலுத்தோங்கில் ஐந்தாவது மாடி ஃபிளாட். ஆரோக்கியம் அங்கிள் என்று எழுபத்தெட்டு வயதுக்காரர், தனியாக இருந்தார். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளின் குறியையும் எண்ணையும் எழுதும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நான்கு வருடம். ஒரே மகள் ஜெசிந்தா மெல்போர்னில். மனைவி நன்றாக இருந்த காலத்தில் மகள் லீவுக்கு வந்தபோது எங்கள் கடையில் அந்த ஸ்ட்ரீமரை வாங்கிக் கொடுத்தாள். போய் மாட்டியது நான்தான். பாட்டுச் சேவைக்குத் தன் கணக்கையே அதில் போட்டு, பெட்டிக்கு 'பினாங்கு ஹால்' என்று பெயரும் வைத்தாள். அம்மாவும் மகளும் அந்த ஹாலில் சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு ஓர் ஆகஸ்டு மாதம் அங்கிளிடமிருந்து போன் வந்தது. இணையக் கம்பெனி புது ரவுட்டர் கொடுத்துவிட்டுப் போயிருந்தது, பெட்டிக்குப் புது லைன் பிடிபடவில்லை. பத்து நிமிட வேலை. போனேன், சேர்த்துவிட்டேன், பழைய படப் பாட்டு ஒன்று ஓட ஆரம்பித்தது. கோப்பி வந்தது. அத்தோடு கிளம்பியிருக்கலாம்.

மேசைமேல் பள்ளிக்கூட நோட்டு ஒன்று திறந்திருந்தது. குமாஸ்தாவின் கையெழுத்து, அச்சு மாதிரி. தேதி, நேரம், குறிப்பு என்று மூன்று கட்டம். 4.32, நின்றது. 4.35, நின்றது. சனி, இல்லை. ஞாயிறு, இல்லை. 5.50, தாமதம், மழையோ. பக்கம் பக்கமாக அதேதான்.

“என்னா அங்கிள் இது, பாட்டு நிக்கிற நேரமா?”

“ஆமா தம்பி. சும்மா எழுதி வைப்பேன்.”

சும்மாவாம். எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. இவ்வளவு ஒழுங்காகப் பழுதை எழுதிவைத்த வாடிக்கையாளரை நான் பார்த்ததே இல்லை. 'மழையோ' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, மழையில் லைன் அறுந்துபோவதாகப் பெரியவர் சந்தேகப்படுகிறார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். நோட்டைப் புரட்டினேன். ஏப்ரல் வரை மூன்றரை மணி வாக்கில் நின்றிருக்கிறது. ஏப்ரலில் ஒரே நாளில் நாலரைக்கு மாறியிருக்கிறது. முந்தின அக்டோபரில் நாலரையிலிருந்து மூன்றரைக்கு வந்திருக்கிறது. நம் நாட்டில் கடிகாரத்தை யாரும் முன்னே பின்னே தள்ளுவதில்லை. கோடைக்கும் குளிருக்குமாக வருடத்துக்கு இரண்டு முறை தள்ளுகிற ஊரில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். கணக்கு மகளுடையது. அந்தக் கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பாட முடியும். மெல்போர்னில் ஆறரைக்கு வேலை முடிந்து மகள் பாட்டைப் போட்டால், அதே நொடியில் ஜெலுத்தோங்கில் பாட்டு நிற்கும்.

“கண்டுபுடிச்சிட்டேன் அங்கிள். ஒங்க மக அங்க போட்டா ஒங்களுக்கு இங்க நிக்குது.”

“ஆமா,” என்றார்.

அந்த 'ஆமா'வில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை, வித்தை காட்டியவன் கைதட்டலுக்குக் காத்திருப்பது போல நின்றுகொண்டிருந்தேன்.

“ஒங்களுக்குன்னு தனியா ஒரு கணக்கு போட்டுட்டா அப்பறம் நிக்கவே நிக்காது.”

“வேணாம் தம்பி. அது இருந்துட்டுப் போட்டும்.”

“காசு அதிகம் இல்ல அங்கிள். மொத மூணு மாசம் ஃப்ரீ.”

“வேணாம்பா.”

இரண்டு முறை சொன்னார். வயதானவர்கள் உபசாரத்துக்கு வேண்டாம் என்பார்கள், நாம் சிரமப்படக் கூடாது என்று சொல்வார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கடைச் சட்டை போட்டவனோடு வாதாடுகிற ஆளில்லை அவர். அவருடைய போனை வாங்கினேன், புதுக் கணக்கைத் திறந்தேன், மகளின் கணக்கிலிருந்து வெளியேறும் பொத்தானை அழுத்தினேன். அவர் வாசலில் நின்று நான் லிஃப்டில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்று முழுவதும் நல்ல மனநிலை.

மூன்று வாரம் கழித்துக் கடைக்குப் போன் வந்தது.

“தம்பி, பாட்டு நிக்கவே மாட்டேங்குது.”

“அதானே அங்கிள் வேணும்?” என்று சிரித்தேன். அவர் சரிப்பா என்று வைத்துவிட்டார். கடையில் இதையும் சொல்லிச் சிரித்தோம். பாட்டு நிற்கவில்லை என்று புகார் கொடுத்த முதல் மனிதர் என்று நான்தான் பெயர் வைத்தேன். தவுக்கே மட்டும் சிரிக்கவில்லை. “போய்ப் பார்,” என்றார். நான் போகவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி அதே போன், அதே வார்த்தை. குரல் மட்டும் இறங்கியிருந்தது. அன்று மதியமே போனேன்.

ஹாலில் பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அங்கிள் சவரம் செய்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். நோட்டு மடிமேல் இருந்தது. நான் போன நாளுக்குப் பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே வார்த்தை. இல்லை. இல்லை. இல்லை.

“நின்னா தெரியும் தம்பி,” என்றார். “அவ வேல முடிஞ்சி கார்ல ஏறிட்டான்னு. லேட்டா நின்னா, அங்க மழையோ, ரோட்டுல ஜாமோன்னு நெனச்சுக்குவேன். நிக்கலன்னா ஒடம்புக்கு முடியலயோ, லீவோன்னு இருக்கும். மறுநா நின்னுட்டா நிம்மதி. இப்ப ஒன்னுமே தெரியல.”

“அங்கிள், போன்ல பேசுனா...”

“நாலு வருசமா பேச்சு இல்ல.”

அப்போதுதான் சொன்னார். மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது ஜெசிந்தாவுக்கு அங்கே பிரசவ நேரம். பிள்ளை பிறந்து தேறும்வரை அவளிடம் சொல்லக் கூடாது என்று மனைவி சத்தியம் வாங்கிக்கொண்டார். இவர் வாக்கைக் காப்பாற்றினார். நோய் அவ்வளவு நாள் கொடுக்கவில்லை. கைக்குழந்தையோடு விமானம் ஏறி வந்த மகள் சவப்பெட்டியைத்தான் பார்த்தாள். கல்லறையில் எல்லார் முன்னாலும் கேட்டாளாம், எங்கம்மா முகத்தை என்னிடமிருந்து மறைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று. அம்மாதான் சொல்ல வேண்டாம் என்றாள் என்று இவர் சொல்லவில்லை. செத்தவள்மேல் பழி போட மனம் வரவில்லை என்றார். மகள் மூன்றாம் நாள் போய்விட்டாள். அதோடு போன் இல்லை, கடிதம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கின் ரகசியச் சொல்லை மாற்றி அப்பாவை வெளியே தள்ள அவளுக்கு ஒரு நிமிடம் போதும். நான்கு வருடத்தில் அவள் அதைச் செய்யவில்லை. அந்த ஒரு நூலைத்தான் இவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதைத்தான் நான் அறுத்துவிட்டு, நல்ல மனநிலையோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

“ஏன் அங்கிள் அன்னைக்கே சொல்லல?”

“நீ கேக்கல தம்பி.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குற்றம் சொல்லும் குரலில்கூடச் சொல்லவில்லை.

உடனே பழையபடி ஆக்கிவிடலாம் என்று பெட்டியைக் குடைந்தேன். வேர்த்துக் கொட்டியது. பழைய கணக்குக்குள் போக ரகசியச் சொல் வேண்டும். அது ஜெசிந்தாவுக்கு மட்டும்தான் தெரியும். மாற்றலாம் என்றால் அதற்கான கடிதம் அவள் மின்னஞ்சலுக்குத்தான் போகும். முப்பது வருட அனுபவம் என்று மார்தட்டுகிறவன், ஒரு பொத்தானைத் திருப்பி அழுத்த முடியாமல் ஒரு முதியவரின் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரே வழிதான் இருந்தது. கடைக் கோப்பில் அவள் எண் இருந்தது, பெட்டியை வாங்கியது அவள்தானே; கோப்பை என் போனிலேயே திறந்து பார்க்கலாம். ஆனால் வாடிக்கையாளரின் எண்ணை வீட்டு விவகாரத்துக்குத் தொடக் கூடாது. தவுக்கேக்குத் தெரிந்தால் வேலை போகும். அது பெரிதில்லை. நான் கேட்டு, தர முடியாது என்று அவள் சொல்லிவிட்டால்? இல்லையென்றால் பதிலே போடாமல் விட்டுவிட்டால்? இதுவரை அங்கிள் நூல் அறுந்தது என்னால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பதில் வராவிட்டால் அறுத்தது மகள்தான் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு இந்த மனிதர் இந்த ஹாலில் எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? நான் பார்த்த எந்தப் பழுதிலும் இவ்வளவு நேரம் யோசித்தது கிடையாது.

இந்தத் தடவை கேட்டேன்.

“அங்கிள், நான் எழுதிக் கேக்கவா? பாஸ்வேர்ட் மட்டும்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரில் மாதா படத்துக்குக் கீழே மனைவியின் படம்.

“மெஷின் விசயம் மட்டும் எழுது. நான் கேட்டன்னு எழுதாத.”

நான்கு முறை எழுதி அழித்தேன். 'உங்கள் அப்பா கவலைப்படுகிறார்' என்று எழுதினேன், அது மெஷின் விஷயம் இல்லை என்று அழித்தேன். கடைசியில் இப்படிப் போனது: 'பினாங்கிலிருந்து எழுதுகிறேன். உங்கள் வீட்டில் ஸ்ட்ரீமர் மாட்டியவன். மூன்று வாரத்துக்கு முன் என் தவறால் உங்கள் கணக்கிலிருந்து அது வெளியேறிவிட்டது. மறுபடி சேர்க்க உங்கள் பாஸ்வேர்ட் தேவை. சிரமத்துக்கு மன்னிக்கவும்.' மணி நாலரை ஆகியிருந்தது.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் போன் அடித்தது.

“அப்பாவுக்கு என்னாச்சு? நேரா சொல்லிருங்க.”

“ஒன்னும் ஆகலம்மா. நல்லா இருக்காரு. முன்னாலதான் ஒக்காந்திருக்காரு. மெஷினுதான்...”

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் அழுகை. வாயைப் பொத்திக்கொண்டு அழுவது தெரிந்தது. அங்கிள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன்.

“கார் பார்க்லதான் நிக்கிறேண்ணே,” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “தெனமும் கார்ல ஏறி ஆப்பத் தொறந்தா மொதல்ல 'பினாங்கு ஹால்'னு வரும். என்னா பாட்டு ஓடுதுன்னு காட்டும். அதப் பாத்துட்டுத்தான் என் பாட்டப் போடுவேன். மூணு வாரமா அது இல்ல. யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல. கேட்டு, அவங்க வேற ஏதாச்சும் சொல்லிட்டா என்னா செய்யறது? அதுக்குப் பயந்துக்கிட்டே கேக்கல.”

“நீங்க போட்டா அவருக்கு நிக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாமயா? தனியா ஒரு கணக்கு எடுக்கத் தெரியாதா எனக்கு? பாட்ட நிறுத்துனா கோவிச்சுக்கிட்டாவது போன் பண்ணுவாருன்னு பாத்தேன். நாலு வருசம் நிறுத்திட்டேன். ஒரு தடவகூட பண்ணல அவரு.”

அவள் கூப்பிட்ட குரலை இவர் அவளுடைய நலச் செய்தியாக எழுதிவைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இதை நான் சொல்லலாமா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் இதே ஹாலில் இதே ஆள், எல்லாம் தெரிந்தவன் மாதிரி நடந்துகொண்டதன் பலன் கண் முன்னால் உட்கார்ந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

“பாஸ்வேர்ட் சொல்றீங்களாம்மா? எழுதிக்கிறேன்.”

“ஒங்ககிட்ட சொல்ல மாட்டேன். அப்பாகிட்ட குடுங்க.”

போனை நீட்டினேன். “பாஸ்வேர்ட அவங்க ஒங்ககிட்டதான் சொல்வாங்களாம் அங்கிள்.” அவர் கையைக் கைலியில் இரண்டு முறை துடைத்தார். வாங்கிக் காதில் வைத்தார். ஹலோ சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை. நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பிப் பேனாவை எடுத்தார். அந்தப் பக்கம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

“பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?” என்று கேட்டார்.

நான் கிரில் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நடைபாதையில் நின்றேன்.

எதிர் பிளாக்கில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கீழே யாரோ மோட்டாரை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். பைக்குள் அடுத்த வீட்டு வேலைச் சீட்டு இருந்தது. போகத் தோன்றவில்லை, என் போனும் உள்ளே இருந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்பது இங்கே வேண்டாம். பட்டர்வொர்த்தில் என் வீட்டிலும் ஒரு ஸ்ட்ரீமர் இருக்கிறது, கடையிலேயே விலை உயர்ந்தது, நானே மாட்டியது. அது ஒரு நாளும் நடுவில் நின்றதில்லை. இவ்வளவு வருடம் அதை என் கைத்திறமை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நடைபாதையில் நின்றபோது, அதை நிறுத்துவதற்கு எனக்கு உலகத்தில் ஓர் ஆள்கூட இல்லை என்பது உறைத்தது.

குழுவில் கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். கண்ணில் பட்ட பழுதைச் சரிசெய்யலாம். அதற்கு முன்னால் வாயைத் திறந்து, “இது ஒங்களுக்குத் தொந்தரவா இருக்கா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கருவியைப் பார்க்காதீர்கள், ஆளின் முகத்தைப் பாருங்கள். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னால் பையை மூடுங்கள். ஏன் வேண்டாம் என்பதை அவர் சொன்னாலும் சொல்வார், சொல்லாமலும் இருப்பார். அது நமக்குத் தெரிந்தாக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. இதை எனக்குத் தினமும் காலையில் ஒருவர் சொல்லித்தான் அனுப்பினார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று நான் நடைபாதையில் நின்றிருந்தபோது, உள்ளே முதலில் எழுத்து எழுத்தாகக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. பிறகு அங்கிளின் குரல் உயர்ந்தது, “அவதான் சொல்ல வேணாம்னா, ஒங்கம்மாதான்,” என்று. நான் படிக்கட்டு வரை நடந்து போய் நின்றுகொண்டேன். அவர் வெளியே வந்து என்னைத் தேடும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கண் சிவந்திருந்தது. போனை என் கையில் கொடுத்தார், அடுப்பிலிருந்து எடுத்தது போலச் சுட்டது.

“பாஸ்வேர்ட் கெடைச்சிச்சா அங்கிள்? சேத்துட்டுப் போயிர்றேன்.”

அவர் நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“ரெண்டு எழுத்து விட்டுப் போச்சு தம்பி. நாளைக்குக் கூப்புடறேன்னு சொல்லியிருக்கா. நீ மெதுவா வா, அவசரம் இல்ல.”